குளத்துக்கும் வேலி

நனைந்த சணல் சாக்குக்கு ஒரு மணம் உண்டு. பாதி மண்ணெண்ணெய், பாதி ஈரநாய். மழை விடாத இந்த இலையுதிர்காலத்தில் எங்கள் ஜெர்மன் கிராமத்துத் தீயணைப்பு நிலைய முற்றத்தில் இளைஞர்கள் சாக்குகளில் மணல் நிரப்பிக் குவிக்கும்போது அந்த மணம் தெருவைக் கடந்து எங்கள் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. என் மகள் வசந்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு சன்னலைச் சாத்துகிறாள். எனக்குப் பயம் பிடிக்கிறது. ஊரில் காணிக் கந்தோர் என்ற நில அலுவலகத்தில் வேலை பார்த்து, எந்த மனு எந்த மேசைக்குப் போய் எங்கே தூங்கும் என்பதெல்லாம் மனப்பாடமாகி, ஓய்வூதியமும் பெற்ற ஒருத்தி, ஒரு சாக்கின் மணத்துக்குப் பயப்படுவது கௌரவமான காரியமல்ல என்பது தெரியும். தெரிந்து என்ன செய்ய?

அகதி மனுக் கொடுத்தவர்களை நாடெங்கும் பங்கிட்டு அனுப்பும் விதிப்படி எங்களுக்கு வாய்த்தது ஆற்றங்கரையில் உள்ள இந்தக் கிராமம். முதலில் இருந்த 'ஹைம்' என்ற அகதி விடுதி ஒரு நீண்ட பலகைக் கொட்டகை. அதன் பின்புறம் ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு புல்மேடு ஓடியது. மற்றவர்கள் அதைக் குன்று என்று நினைத்தார்கள். எனக்குப் பார்த்த மாத்திரத்திலேயே அது மனிதர் சுமந்து கொட்டிய மண், வெள்ளம் தடுக்கும் கட்டு என்று தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டு லூடர்ஸ் என்ற மூதாட்டி, மதில் மேலாகப் பேசுவதை வசந்தி எனக்குத் தமிழாக்கிச் சொன்னாள்.

"அம்மா, இந்தக் கட்டு முந்தி வேலையில்லாத காலத்திலை கட்டினதாம். இவவின்ரை தேப்பனும் மண் சுமந்தவராம். சூப்பும் பாணும், கொஞ்சக் காசும் குடுத்தவையாம். நாங்கள் இருந்த கொட்டகை அந்தக் கூலியளுக்குப் போட்டதாம்."

"பிறகு அவர் இதிலை நடந்து பாத்திருப்பாரோ எண்டு கேள்" என்றேன்.

லூடர்ஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள். கட்டி முடிந்த பிறகு அவளுடைய தகப்பன் அந்தப் பக்கம் போனதே இல்லையாம். தச்சுவேலை தெரிந்த மனிதன், சூப்புக்கு மண் சுமந்ததை ஊர் பார்த்துவிட்ட வெட்கமாம். அதைக் கேட்டபோது எனக்கு என் அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. அவருக்கும் அந்த வெட்கம் இருந்தது. ஆனால் அவர் எங்கள் கட்டை விட்டு விலகி நடக்கவில்லை. விலக முடியாதபடி அதில் ஒரு காரியம் செய்து வைத்திருந்தார்.

இங்கே கட்டின் மேல் ஏறும் இடத்தில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. மரம் நடக்கூடாது, குழி தோண்டக்கூடாது, செம்மறி தவிர வேறெதுவும் மேயக்கூடாது. இந்த நாட்டில் எதற்கும் ஒரு பலகை உண்டு என்று எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. பலகை நட்டால் வேர் விடாது. அந்த ஒன்றுக்காகவே அதை நட்டவரை எனக்குப் பிடிக்கும்.

ரப்பர் விலை விழுந்து மலாயாத் தோட்டங்களில் கிளாக்கர்களை வீட்டுக்கு அனுப்பிய காலத்தில் அப்பா யாழ்ப்பாணம் திரும்பினார். கொண்டு வந்தவை ஒரு தொப்பி, ஒரு சோடிச் சப்பாத்து, நீல விளிம்பு போட்ட ஒரு வெள்ளை எனாமல் குவளை. குவளையை நாங்கள் 'பேணி' என்போம். அந்த நாட்களில் அரசாங்கம், வேலையற்றோருக்கு வேலை கொடுப்பதாகச் சொல்லி, வன்னியில் காடு மூடிக் கிடந்த பழைய குளங்களைத் திருத்தத் தொடங்கியிருந்தது. சனங்கள் அந்த நிவாரண வேலையை 'றிலீவு வேலை' என்றார்கள். கட்டு முடியும்வரை நின்று வேலை செய்த குடும்பத்துக்குக் குளத்தின் கீழே காணி கிடைக்கும் என்றொரு வாக்குறுதியும் இருந்தது. சீதனமும் பென்சனும் இல்லாத அப்பா, அம்மாவையும் கைக்குழந்தையான என்னையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கத்துக் காட்டுக்குப் போனார். குளத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இன்று அது எந்தப் படை எந்தப் பக்கம் நிற்கிறது என்று கேட்டுப் போகவேண்டிய இடம்.

கட்டைத் துண்டு துண்டாக அளந்து குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் தன் துண்டுக்கு மண் வெட்டி, கடகத்தில் சுமந்து, கொட்டி, நீர் தெளித்து, கட்டையால் இடித்து உயர்த்தவேண்டும். வன்னி ஆட்கள் தங்கள் துண்டு முடியும் இடத்தில் ஒரு கல்லை வைத்தார்கள். அப்பா யாழ்ப்பாணத்தார். யாழ்ப்பாணத்தானுக்கு எல்லை என்றால் வேலி, வேலி என்றால் 'கதியால்', அதாவது வெட்டி ஊன்றினால் வேர்விட்டுத் தளிர்க்கும் பச்சைத் தடி. தன் துண்டின் இரு முனையிலும் அவர் பூவரசங் கதியால்களை நட்டார். அடுத்த துண்டுக்காரன் வல்லிபுரம் அந்த ஊரிலேயே பிறந்தவன், வாய் ஓயாதவன். அவன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தானாம்.

"என்ன மலாயாக்காரர், குளத்துக்கும் வேலியோ? இரவோடை இரவா ஆரும் தூக்கிக்கொண்டு போயிடுவினம் எண்டோ?"

"எல்லை எண்டால் தெரியவேணும். நாளைக்கு ஆரும் வந்து இது என்ரை எண்டு சொல்லக்கூடாது" என்று அப்பா சொன்னாராம்.

மேற்பார்த்த 'ஓவசியர்' யாழ்ப்பாணத்து மனிதர். அவருக்கு அது சரியாகவே பட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மற்றக் குடும்பங்களும் பார்த்துக் கதியால் நட்டன. அம்மா அந்தக் கதையைச் சொல்லும்போது, "ஒருத்தர் செய்தால் போதும், பிறகு எங்கடை ஆக்களுக்குக் கை சும்மா இராது" என்று முடிப்பார்.

பூவரசு வளர்ந்தது. நான் நடக்கத் தொடங்கியபோது அவை என் உயரம். பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது கட்டின் மேல் நிழல் விழுந்தது. மஞ்சள் பூ, ஆடு கட்ட இடம், வயலுக்கு உரமாகத் தாழ்க்கக் குழை என்று எல்லோருக்கும் நன்மை. அப்பாவுக்கு அந்த மரங்கள் மலாயாவில் இழந்த மரியாதைக்கு ஈடாக இருந்திருக்க வேண்டும். மாலையில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அவற்றின் கீழ் நடப்பார். பிறகு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் குதிரையில் வந்தார். கட்டைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார், ஓவசியரைப் பார்த்தார். அந்தக் கிழமையே எல்லா மரங்களையும் தறிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. தறித்தார்கள். அடிக்கட்டை தரையோடு நிற்க, வேர்கள் உள்ளே கிடந்தன. வேரைப் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லை. பிற்காலத்தில் கந்தோரில் இருந்தபோது எனக்கு இது அடிக்கடி நினைவு வரும். மரம் தறிக்க அனுமதி கேட்டு வருபவனை ஐந்து கையொப்பத்துக்கு அலையவிடுவோம். நடுபவனை ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த மாரியில்தான் கட்டின் அடியில், எங்கள் துண்டு முடியும் இடத்துக்கு நேர் கீழே, புல் எப்போதும் ஈரமாக இருப்பதை அப்பா கண்டார். பிறகு ஈரம் கசிவாகி, கசிவு விரல் தடிப்பில் ஓடும் நீராயிற்று. அவர் என்னை மட்டும் கூட்டிப்போய்க் குந்தியிருந்து காட்டினார். கட்டின் அடியில் தெளிந்த நீர் கசிந்தால் கட்டு வியர்க்கிறது, பயமில்லை. கலங்கிய நீர் வந்தால் கட்டின் வயிற்றுக்குள் மண் கரைகிறது. ஒரு மணித்தியாலத்திலும் கட்டு உடையலாம். அப்பா இதை எனக்குச் சொன்ன குரலில் அதுவரை ஒருபோதும் என்னிடம் பேசியதில்லை. ஒரு பெரிய மனிதர் எனக்குச் சமமாகப் பயப்படுவதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

அவர் அடிக்கடி போய்க் குனிந்து பார்த்தால் ஊர் கேட்கும். யாருடைய துண்டு பழுதோ அவருடைய காணியை எடுத்துவிடுவார்கள் என்று ஊரில் பேச்சிருந்தது. நாங்கள் வந்தவர்கள், எங்களை அனுப்புவதற்கு ஊருக்கு ஒரு காரணம் போதும். ஆகவே மழைக்காலக் காலைகளில் ஆட்டை அவிழ்க்கப் போகிறவள் போல நான் போவேன். வெள்ளைப் பேணியில் அந்தக் கசிவைப் பிடித்து, உள்ளே அடியில் நீல எழுத்தில் இருந்த அந்நிய நாட்டு முத்திரை தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரிந்தால் தெளிவு. வீட்டுக்கு வந்தால் அப்பா முகம் மழித்துக்கொண்டு, கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்லக் கேட்பார்:

"தெளிவோ, கலங்கலோ?"

"தெளிவு."

கத்தி மறுபடி கன்னத்தில் ஓடும். அம்மா என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார்.

பயம் எப்படிப்பட்டதென்று கேட்டால், அது இடியும் மின்னலும் போன்றதல்ல என்றுதான் சொல்வேன். எங்கள் பள்ளிக்கூடம் கட்டின் கீழே இருந்தது. கூரை ஓலை. வகுப்பில் இருந்தபடி வாசலால் பார்த்தால், ஓலையின் விளிம்புக்கும் மேலே கட்டின் முதுகு தெரியும். அதாவது, எங்கள் தலைக்கு மேல், கூரைக்கும் மேல், அந்த மண்ணுக்கு அப்பால் தண்ணீர் நின்றது. வாத்தியார் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்க, பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்ல, அவர்களில் ஒருவருக்கும் கட்டு கசிவது தெரியாது என்று நான் நினைத்தேன். எனக்கு மட்டும் தெரியும் என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. வல்லிபுரத்தின் மகள் என் பக்கத்தில் இருந்தாள். அவள் சிலேட்டை எச்சில் போட்டுத் துடைக்கும் சத்தம் கேட்டாலும் எனக்கு நீர் கசிவதாகத் தோன்றும். குளம் 'வான்' பாயும்போது, நிரம்பி வழியும் அந்த இரைச்சலுக்குப் பெரியவர்கள் மகிழ்வார்கள். நான் காதைப் பொத்திக்கொள்வேன்.

ஒரு காலை, பேணியின் அடியில் முத்திரை தெரியவில்லை.

நீர் செம்மண் நிறத்தில் நின்றது. உள்ளங்கையால் பேணியை மூடிக்கொண்டு ஓடினேன். அப்பா கண்ணாடியை விட்டுத் திரும்பினார். பேணியை வாங்கிப் பார்த்தார். பிறகு வாசலுக்கு நடந்து போய் அந்த நீரை மழையில் ஊற்றிவிட்டார்.

"மழைத்தண்ணி கலந்திருக்கும். திரும்ப எடுத்துக்கொண்டு வா."

திரும்பப் போனேன். அந்த இடைவெளிக்குள் நீர் தடித்திருந்தது. அதைச் சுற்றிப் புல்லின் மேல் மெல்லிய சேற்றுப்படை பரவியிருந்தது. இரண்டாம் பேணியோடு நான் வந்தபோது அம்மா வாசலில் நின்றார். அப்பாவின் கை நீளுமுன் பேணி அம்மாவின் கையில் இருந்தது.

"தாரும் இஞ்சை. பாப்பம்" என்றார் அப்பா.

"பாத்தது காணும். நீங்கள் நில்லுங்கோ, நான் போறன்."

"சொன்னால் எங்களைத்தான் சொல்லுவினம்."

"சொல்லட்டும். சொல்ல ஆக்கள் இருந்தால்தானே சொல்லுவினம்."

அம்மா சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, பேணியை மழை விழாமல் உள்ளங்கையால் மூடி, படலையைத் திறந்து ஒழுங்கையில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். முதல் வீடு வல்லிபுரத்தினுடையது. அவன் தாழ்வாரத்தில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"என்ன அக்கா, மழைக்குத் தேத்தண்ணி கொண்டந்திருக்கிறியள்? சீனி போட்டதோ?"

அம்மா கையை எடுத்தார். வல்லிபுரம் பேணிக்குள் பார்த்தான். சுருட்டை வாயிலிருந்து எடுத்தான்.

"எங்கை?"

"எங்கடை துண்டிலை. பூவரசு நிண்ட இடம்."

அவன் மகளைக் கூப்பிட்டு, ஊர்த் தலைமைக்காரரான விதானையாரிடம் ஓடச் சொன்னான். அம்மா நிற்கவில்லை. அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. எல்லா இடத்திலும் அதே இரண்டு சொற்கள்: "எங்கடை துண்டிலை." அப்பா எப்போது எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார் என்று தெரியாது. திரும்பிப் பார்த்தபோது பாதிக் கன்னம் மழித்தபடி, சவர்க்கார நுரை மழையில் கரைய, வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்.

நெல் கட்டி வைத்த சாக்குகளை ஒவ்வொரு வீட்டிலும் அவிழ்த்துக் கொட்டி, மழையில் அவற்றில் மண் நிரப்பினார்கள். அதுதான் அந்த மணம். பெண்களையும் பிள்ளைகளையும் கோயில் மேட்டுக்குப் போகச் சொன்னார் விதானையார். நான் போகவில்லை, அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊற்றை அடைக்கக் கூடாது, அடைத்தால் வேறிடத்தில் பீறும் என்று விதானையார் கத்தினார். நீர் வரும் இடத்தைச் சுற்றி மண்மூட்டைகளை வட்டமாக அடுக்கி, கிணற்றுக்கட்டுப் போல உயர்த்தி, உள்ளே மணலும் சல்லியும் கொட்டினார்கள். நீர் வரட்டும், மண் வராமல் இருக்கட்டும் என்பதுதான் நோக்கம். மேலே, குளத்துப் பக்கத்தில், களிமண்ணும் வைக்கோலும் மிதித்துத் தள்ளினார்கள். அப்பா மூட்டை சுமந்தார். அவர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஊரார் அவரையும் பூவரசு நின்ற இடத்தையும் மாறி மாறிப் பார்த்ததே எனக்கு மேலும் பயமாக இருந்தது. கடைசியில் வல்லிபுரம்தான் தொடங்கினான்.

"மலாயாக்காரர், நட்ட மரம் இப்பதான் காய்ச்சிருக்கு. நல்லாப் புடுங்குங்கோ."

ஒருவர் சிரித்தார். பிறகு இன்னொருவர். அப்பாவும் சிரித்தார் என்று நினைக்கிறேன். மழையில் நிச்சயமாகச் சொல்ல ஏலாது. அந்தச் சிரிப்பைக் கேட்டபிறகுதான் எங்களை ஊரை விட்டு அனுப்பமாட்டார்கள் என்று என் மனம் நம்பியது. கட்டு நிற்கும் என்று அப்போதும் நம்பவில்லை.

மத்தியானம் கடந்து, மூட்டை வட்டத்துக்குள் நின்ற நீரில் விதானையார் பேணியை முக்கி எடுத்தார். எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். நீல முத்திரை மங்கலாகத் தெரிந்தது. இன்னும் சற்று நேரம் கழித்து முக்கினார். தெளிவாகத் தெரிந்தது. அவர் பேணியை அம்மாவிடம் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இது இனி ஊருக்கு. எல்லாத் துண்டிலையும் பாக்கவேணும்" என்றார்.

கோடையில் நீர் இறங்கியபின் அடிக்கட்டைகளைத் தோண்டினார்கள். எங்களுடைய பூவரசு நின்ற இடத்தில் வேர் முழுதும் உளுத்துப் போய், அதன் வடிவில் ஒரு குழாய் மட்டும் மிஞ்சியிருந்தது. நான் கையை விட்டேன். முழங்கைவரை போயிற்று, உள்ளே குளிர்ந்த காற்று விரலில் பட்டது. அப்பா என் தோளைப் பிடித்து இழுத்தார். யாழ்ப்பாணத்தார் துண்டுகள் எல்லாவற்றிலும் அப்படியே இருந்தது. அதன்பிறகு எங்கள் பேணி நீர் திறக்கும் மதகான 'துருசின்' இரும்புக் கம்பியில் கட்டித் தொங்கியது; மாரிக்காலத்தில் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்து எடுத்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுப் பயத்தை ஊர் பங்கிட்டுக்கொண்டது. என் பங்குக்கு வந்ததே எனக்கு இந்த வயதுவரை போதுமாக இருக்கிறது.

இங்கே மழை பிடித்த நாளிலிருந்து நான் காலையில் ஒரு வெள்ளை யோகர்ட் டப்பாவோடு கட்டின் அடிக்குப் போகிறேன். வசந்திக்கு வெட்கம். "அம்மா, டுல்டுங் புதுப்பிக்க அடுத்த கிழமை கந்தோருக்குப் போற டெர்மின் இருக்கு. இந்த நேரத்திலை ஆரும் பொலிசுக்குச் சொன்னால் என்ன சொல்லுறது?" என்கிறாள். தற்காலிகமாகத் தங்கவிடும் அந்தத் தாளின் விதிகள் அவளைவிட எனக்குத் தெரியும். சேற்றுநீர் பிடிப்பது அதில் தடை செய்யப்படவில்லை. சென்ற கிழமை, கட்டைச் சுற்றிப்பார்க்கும் உத்தியோகத்தர் மஞ்சள் அங்கியோடு வந்து என்னைக் கண்டு நின்றார். பயத்தில் எனக்குத் தெரிந்த நாலு ஜெர்மன் சொற்களும் மறந்துபோயின. டப்பாவை நீட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு அதை வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து மறுபடி பார்த்தார்.

"கிளார்" என்றார். தெளிவு. தொப்பியைத் தொட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நடந்தார்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணம் முழுதும் இடம்பெயர்ந்தபோது, என் தம்பியின் மகள் தேவகி குடும்பத்தோடு வன்னிக்குப் போனாள். போக்கிடம் தேடியவர்களுக்குப் பழைய காணியின் நினைவு வந்திருக்கிறது. இந்த வருஷ ஆவணியில் அவள் எப்படியோ பயண அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு வந்து ஒரு கடையிலிருந்து எனக்குத் தொலைபேசினாள். பின்னால் வரிசையில் நின்றவர்களின் சத்தம் கேட்டது. காணியில் வேறு யாரோ இருக்கிறார்களாம், ஆகவே குளக்கட்டிலேயே கொட்டில் போட்டு இருக்கிறார்களாம், நிறையக் குடும்பங்களாம்.

"துருசிலை ஒரு வெள்ளைப் பேணி தொங்குதோ பிள்ளை?"

"என்ன பேணி மாமி? துருசின்ரை இரும்பையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள்." பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக் குரலை உயர்த்திச் சொன்னாள்: "நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நாங்கள் எங்கடை துண்டைச் சுத்தி வேலி அடைச்சிட்டம். போன மாரிக்கு நட்ட கதியால், பூவரசு, எல்லாம் தளிர்த்திட்டுது. அசைச்சுப் பாத்தன், அசையேல்லை."

"பிடுங்கு" என்றேன். "வேரோடை பிடுங்கு, தறியாதை. மற்ற ஆக்களுக்கும் சொல்லு."

"என்ன மாமி, கொஞ்ச நாளைக்குத்தானே. சண்டை நிண்டால் போயிடுவம்" என்று அவள் சிரித்தாள். வரிசையில் யாரோ அதட்டினார்கள். தொடர்பு அறுந்தது. அதன்பின் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

இன்று காலை லூடர்ஸ் வீட்டுப் பின்புறம் நான் எடுத்த நீர் தெளிவாகத்தான் இருந்தது. டப்பாவின் உள்ளடியில் அச்சில் பதிந்த எண்ணைக்கூட வாசிக்க முடிந்தது. முற்றத்தில் சாக்குகள் குவிந்துகொண்டிருக்கின்றன. அங்கே வன்னியில் நேற்று ஐப்பசி பிறந்தது, மாரி தொடங்கும் மாதம்.